பிளெண்டரில் புதிய பொருள்களுக்கான இயல்பமைப்பு

பிளெண்டர் என்பது முப்பரிமாண உருவங்களையும் அசைவூட்டப் படங்களையும் உருவாக்க உதவும் கட்டற்ற மென்பொருள். நெதர்லாந்தில் தோன்றிய இதன் மூலநிரல் 2002ஆம் ஆண்டில் பொதுவுரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. பொதுவான புதிய கோப்பைத் திறந்தால் ஒரு கனசதுரம், ஒரு கேமரா, ஒரு விளக்கு ஆகியவை காத்திருக்கும். கனசதுரத்தின் பக்கம் 2 மீட்டர்.

ஷிஃப்ட், ஏ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வேறு பொருள்களையும் சேர்க்கலாம். அவை எப்படி வந்து நிற்க வேண்டும் என்பதை எடிட் பட்டியலிலுள்ள பிரிஃபரன்சஸ் சாளரத்தில், எடிட்டிங் பகுதியில், நியூ ஆப்ஜெக்ட்ஸ் என்ற தலைப்பின்கீழ் முடிவு செய்கிறோம்.

அங்குள்ள அலைன் டூ என்ற தேர்வு 'வேர்ல்டு' என்றிருந்தால் பொருள் நேராக நிற்கும். 'வியூ' என்றிருந்தால் நாம் பார்க்கும் கோணத்துக்கேற்பச் சாய்ந்து வரும். சாய்ந்ததை நிமிர்த்த, ஆல்ட், ஆர் விசைகள் போதும்.

அதிகம் குழப்புவது என்டர் எடிட் மோடு. இதைத் தேர்வு செய்துவிட்டால், சேர்த்த பொருள் உடனே திருத்தும் நிலையில் திறக்கும். அந்நிலையிலேயே ஒரு கோளத்தையும் சேர்த்தால், அது தனிப் பொருளாகாது, முன்னதன் உறுப்பாகிவிடும். பிறகு கோளத்தை மட்டும் நகர்த்த முயலும் மாணவர், கனசதுரமும் கூடவே வருவதைக் கண்டு திகைப்பார். (நானும் ஒரு மாலை முழுவதும் திகைத்தேன்.) டேப் விசையால் வெளியே வந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவற்றைத் திருத்தும் நிலையில் தேர்ந்து, பி விசையை அழுத்திப் பிரிக்கலாம்.

இந்தத் தேர்வுகள் இனி சேர்ப்பவற்றுக்கே பொருந்தும். முன்பே இருப்பவை மாறா.

தொடக்கக் காட்சியையே மாற்ற விரும்பினால், வேண்டாத கனசதுரத்தை நீக்கிவிட்டு, ஃபைல் பட்டியலில் டிஃபால்ட்ஸ், சேவ் ஸ்டார்ட்அப் ஃபைல் என்று கொடுக்கலாம். அப்போது திரையில் உள்ள அனைத்தும் தொடக்கக் கோப்பாகப் பதிவாகும் என்பதால், பாதி வரைந்த வீட்டோடு கொடுத்துவிட்டால் ஒவ்வொரு புதிய கோப்பிலும் அந்த வீடே எழும். பள்ளிக் கணினியில் எல்லாரும் ஒரே பயனர் கணக்கில் நுழைந்தால், அடுத்து வரும் பிள்ளைக்கும் அதுதான் கிடைக்கும். தன் தவறென்றே அது நினைத்துக்கொள்ளும். அதே பட்டியலில் உள்ள லோட் ஃபேக்டரி செட்டிங்ஸ் பழைய நிலையைக் கொண்டுவரும். ஆனால் அது அந்த அமர்வுக்கு மட்டுமே. தொடக்கக் கோப்பாக மறுபடி சேமித்தால்தான் மறுநாளும் நிலைக்கும்.