சீல் மாற்றியும் நிற்காத எண்ணெய்: குற்றம் ஓட்டுநர் மீதா?

"தலைவரே, பிரேக்கு மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குது. பின் சக்கரத்துல சீல் மாத்தி மூணு வாரம்கூட ஆகல, மறுபடியும் வடியுது. இந்த வாட்டி செலவ என் சம்பளத்துலதான் பிடிப்பேன்னு கிராணி சொல்றாரு!"

மலாக்கா தோட்டமொன்றில் பிக்கப் ஓட்டும் அண்ணன் ஒருவர் நம்மிடம் கொண்டுவந்த முறையீடு இது. காலைப் பெரட்டு முடிந்ததும் உர மூட்டைகளையும், உரம் போடும் ஆட்களையும் மேட்டுக் காட்டுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அது. மூன்று முறை சீல் மாற்றியாயிற்று. மூன்று முறையும் கசிவு திரும்பி வந்தது. "ஓட்டுற லட்சணம் அப்படி" என்று பழி முழுவதும் ஓட்டுநர் தலையில் விழுந்தது.

நாம் மெக்கானிக் அல்ல. ஆகவே நிர்வாகத்தின் சம்மதத்தோடு வண்டியைப் புக்கிட் பெருவாங்குக்குக் கொண்டு சென்றோம். வீடமைப்புப் பகுதிகளும் பல்கலைக்கழகமும் பெருகிவிட்ட அந்த ஊரில், பழைய வண்டிகளின் கைவாகு தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்ன முதல் வார்த்தை: "சீல மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா எப்படிங்க நிக்கும்? அது ஏன் போகுதுன்னு பாக்க வேணாமா?"

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது, மூச்சுக் குழாய். பின் ஆக்சில் கூட்டின் மேல் சிறு குழாய் ஒன்று உண்டு. ஓட ஓட உள்ளே கியர் ஆயில் சூடாகும், காற்று விரியும், அந்தக் காற்று வெளியேறும் வழி அதுதான். நம் வண்டியில் அது செம்மண் சேறு இறுகி அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத காற்று எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. புது சீலானாலும் எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது, தேய்மானம். சீலின் உதடு உரசும் இடத்தைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவச் சொன்னார். நகம் தட்டியது. பல ஆண்டு உரசலில் வளையமாய்ப் பள்ளம் விழுந்திருந்தது. அதன் மேல் புது சீல் போட்டாலும் எண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும். அந்த இடத்துக்குப் பொருத்தமான மெல்லிய உறை போடலாம். இல்லையேல் தேய்ந்த பாகத்தையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பேரிங். ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் மிகுதியாக இருந்தால் ஆக்சில் தண்டும் ஆடும். சீல் அதனோடு சேர்ந்து கெடும். நம் வண்டியில் பேரிங் நன்றாக இருந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி ஆக்சில் கூடே வளைந்திருந்தாலும் இதே கதைதான்.

நான்காவது, எண்ணெயின் அளவும் சீல் போடும் முறையும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பொதுவாக ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் எண்ணெய் நிற்க வேண்டும். "கொஞ்சம் கூட ஊத்துனா நல்லது" என்பது தவறு. சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, சரியான பக்கம் திருப்பி, கோணாமல் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும்.

மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்து, உறை போட்டு, சீலும் மாற்றினார். எண்ணெயில் ஊறிய பிரேக் சூக்களைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டச் சம்மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் வண்டி ஓடியது. ஒரு சொட்டு வடியவில்லை.

மூச்சுக் குழாயில் சேறு அடைத்ததும், பழைய இரும்பு தேய்ந்ததும் ஓட்டுநரின் குற்றமா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் என்னென்ன பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி தம் விருப்பப்படி வண்டிச் செலவைப் பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. பட்டறைச் சீட்டையும் சட்டத்தையும் காட்டிப் பேசினோம். பிடித்தம் கைவிடப்பட்டது.

இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காத வண்டியில் இறக்கத்தில் போகச் சொல்வது ஆபத்தா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே ஓட்டுநர்களே, காலையில் வண்டியை எடுக்குமுன் பின் டயர்களின் உட்புறத்தைப் பாருங்கள். கெட்டியாய், கந்தக வாடையோடு கறை இருந்தால் அது கியர் ஆயில். தண்ணீர் போல் இருந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். எதுவானாலும் வண்டியை நகர்த்தாதீர்கள். வாயால் சொல்வதோடு விடாமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏறும் சகோதர சகோதரிகளே, ஓட்டுநர் "இன்னைக்கு வண்டி சரியில்ல" என்றால் முணுமுணுக்காதீர்கள். அவரோடு சேர்ந்து நில்லுங்கள். அவர் பார்ப்பது உங்கள் உயிரையும் சேர்த்துத்தான்.