பாம்புக்கடி: காலதாமதமே பெரும்பகை

செஞ்சி வட்டாரம் பாறைகளுக்குப் பெயர் பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி, மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலே இதற்குச் சான்று. இப்பாறை இடுக்குகளும், அவற்றை அடுத்த நெல், மணிலாக் கழனிகளும் பாம்புகளுக்கும் உறைவிடமாக உள்ளன. ஆதலின், வெளியில் உழைப்போர் யாவரும் பாம்புக்கடி பற்றி அறிந்திருத்தல் அவசியமாகும்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் சுமார் 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். மருத்துவமனையை அடையாமலே இறந்தவர்களும் மிகப் பலர். மழைக்காலத்தில் அபாயம் மிகுதி. வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் வெளிவருகின்றன; அதே காலத்தில்தான் கழனி வேலையும் பெருகுகிறது.

நான்கு பாம்புகளை முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். நல்ல பாம்பு எலி வளைகளை நாடும். கண்ணாடி விரியன் கழனியிலும் புதரிலும் கிடக்கும். சுருட்டை விரியன் வறண்ட பாறை நிலத்தில் வாழும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. சில மணி நேரத்தில் வயிற்று வலி தோன்றி, கண் இமைகள் தொங்கும். களத்தில் காவல் படுப்போர் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் கொள்வது நலம்.

கடிவாய்க்கு மேல் இறுகக் கட்டுதல், கீறி இரத்தம் வெளியேற்றுதல் ஆகியவற்றை முன்னாளில் முதலுதவி நூல்களே கூறின. அவை தவறென இன்று தெளிவாகிவிட்டது. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று உறுப்பே அழுகக்கூடும். விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுப்பதால், கீறிய இடத்தில் குருதி நிற்காது பெருகும். மிளகும் வேப்பிலையும் மெல்லக் கொடுத்துச் சோதிப்பதும், மந்திரிப்பதும் பொன்னான நேரத்தை வீணாக்குவனவே.

செய்ய வேண்டியவை வருமாறு:

1. கடியுண்டவரை நடக்கவோ ஓடவோ விடாது, தேற்றிப் படுக்க வைத்தல்.
2. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றுதல்.
3. கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி மட்டையில் தளர்வாகக் கட்டுதல்.
4. உடனே 108-ஐ அழைத்தல். வண்டி வரத் தாமதமாயின், கிடைத்த வாகனத்தில் விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல்.

பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. மேற்கூறிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே ஊசி மருந்துதான். 1978-இல் தொடங்கப்பெற்ற வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சினைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து இம்மருந்து தயாரிக்கப்படுகிறது.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டம் 2024-இல் வெளியிடப்பெற்றது. அதே ஆண்டில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. ஆயினும் ஊரில் செய்ய வேண்டியதை ஊரார்தாம் செய்தல் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக வருவது அக்டோபர் 2 கிராம சபை. அன்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூன்று காரியங்களை முடிவு செய்யலாம். விஷமுறிவு ஊசி எந்த மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் எனக் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். நள்ளிரவிலும் வாகனம் தர இசைவோர் பெயர்களையும் அதனருகே குறிக்கலாம். கழனிப் பாதைத் தெருவிளக்குகளைப் பழுது பார்த்து, வீடுகளை ஒட்டிய புதர், விறகு, செங்கல் குவியல்களை அகற்றலாம். விவசாயிகள் இரவில் நீர் பாய்ச்சச் செல்கையில் கைவிளக்கும் கோலும் கொண்டு, கணுக்கால் மூடிய காலணி அணிதல் வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. கழனியில் ஒருவர் கடியுண்டால், எங்கே போவது என்று ஊர் கூடி யோசிக்கும் நிலை இருத்தலாகாது. அதனை முன்னரே முடிவு செய்து வைத்த கிராமம் ஓர் உயிரை மட்டுமன்றி ஒரு குடும்பத்தையே காக்கும்.