போதை நோயும் மனநோயும்: சேர்த்தே பார்க்க வேண்டிய இரண்டு

மது, கஞ்சா, புகையிலை, அபின் வகைப் பொருள்கள் போன்றவற்றின் பயன்பாடு கட்டுப்பாட்டை மீறி, கேடு என்று தெரிந்தும் விட முடியாத நிலையை எட்டினால் அதை மருத்துவம் ஒரு நோயாகக் கருதுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதற்கு 11 அடையாளங்களைத் தருகிறது. நினைத்ததைவிட அதிகமாக எடுத்துக்கொள்வது, நிறுத்த முயன்று தோற்பது, அடக்க முடியாத ஏக்கம், வேலையையும் குடும்பத்தையும் கவனிக்க முடியாமல் போவது, பழைய அளவு போதாமல் போவது, நிறுத்தினால் உடல் நடுங்குவது போன்றவை அவற்றில் அடங்கும். வாழ்க்கையைப் பாதிக்கும் அளவில் ஓராண்டுக்குள் இரண்டு அடையாளங்கள் தென்பட்டாலே நோய் இருப்பதாகக் கொள்ளலாம். ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தீவிர நிலை.

இந்த நோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 1980களில் அமெரிக்காவின் ஐந்து இடங்களில் சுமார் 20,000 பேரிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் முடிவுகள் 1990இல் வெளியாயின. மது தொடர்பான கோளாறு உள்ளவர்களில் 37 விழுக்காட்டினருக்கும், பிற போதைப்பொருள் கோளாறு உள்ளவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோயும் இருந்தது தெரியவந்தது. மனச்சோர்வு, பதற்றம், இருமுனை மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவை அடிக்கடி சேர்ந்து காணப்படுபவை.

இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஆய்வாளர்கள் மூன்று விளக்கங்கள் தருகிறார்கள். முதலாவது, மனவேதனையே போதைக்கு வழிவிடுகிறது என்பது. தூக்கமின்மை, பயம், தாங்க முடியாத துக்கம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகமாகத் தப்பிக்கவே பலர் போதையை நாடுகிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் எழுதினார். அந்த ஆறுதல் சில மணி நேரமே நீடிக்கும். பிறகு வேதனை கூடுதலாகத் திரும்பிவரும்.

இரண்டாவது, போதைப்பொருளே மனநோயைத் தூண்டலாம் என்பது. சுவீடனில் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. கஞ்சா புகைக்கும் எல்லோருக்கும் அந்த நோய் வருவதில்லை. ஆனால் நோய்க்கு ஆட்படக்கூடிய இயல்பு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பதின்வயதில் தொடங்குபவர்களுக்கு, ஆபத்து கூடுகிறது.

மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவான வேர்கள் உண்டு என்பது. மரபணுக்களின் பங்கு அவற்றில் ஒன்று. குழந்தைப் பருவத் துயரம் இன்னொன்று. அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டியும் அவரது குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடி, வன்கொடுமை, வீட்டில் வன்முறை போன்ற அனுபவங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சிறுவயதில் பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். இந்த மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே மனிதரிடம் மூன்றுமே செயல்படலாம்.

இரண்டும் சேர்ந்து வருவதால் நோயைக் கண்டறிவதிலும் சிக்கல் உண்டு. குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த ஆண்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1988இல் வெளியானது. சேர்ந்தபோது அவர்களில் 42 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு கணிசமாக இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்ததும் அது 6 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. மதுவே உண்டாக்கிய சோர்வு மதுவோடு போய்விடுகிறது. போகாமல் எஞ்சும் சோர்வுக்குத் தனிச் சிகிச்சை தேவை. ஆனால் தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திருக்கக் கூடாது; உடனே உதவி தேட வேண்டும்.

நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது போன்றவை ஏற்பட்டு உயிருக்கே கேடு வரலாம். அதனால் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. அபின் வகை அடிமைத்தனத்துக்குப் புப்ரினார்ஃபின், மது ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் உள்ளன. இவற்றோடு மனநோய்க்கான மருந்தும் ஆலோசனையும் ஒரே குழுவிடமிருந்து கிடைப்பதே சிறந்த முறை. போதையை விட்ட பிறகுதான் மனநோயைப் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினால் நோயாளி இரண்டு சிகிச்சையையும் இழந்துவிடுகிறார்.

இந்தியாவில் தேவை மிகப் பெரியது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவ நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள், 5.7 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மது தொடர்பான உதவி தேவைப்படுகிறது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வோ, மதுக் கோளாறு உள்ளவர்களில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் வழி ஒன்றைக் கோவாவில் நடந்த ஆய்வு காட்டியது. மனநலப் பட்டம் பெறாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கேடு தரும் அளவில் குடிக்கும் ஆண்களுக்கு நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை வழங்கினார்கள். 377 பேர் பங்கேற்ற இந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் அந்தக் கேடான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரே மீண்டிருந்தார்கள்.

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்து, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்ட முன்னோடி. இன்று 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநலத்துக்கும் இலவச ஆலோசனை கிடைக்கிறது. மறுபடி குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை. சர்க்கரை நோயைப் போலவே இதுவும் திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டிய நோய். சிகிச்சையைத் தொடர்பவர்களில் பலர் மீள்கிறார்கள்.