படம் சூரத்துடையது, சொல் நம்முடையது

தோட்டத்திலிருந்து திரைக்கு – 7

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கெடாவின் சேலைக் கடைகள் கைப்பேசிக்குள் திறந்துவிடுகின்றன. சுங்கை பட்டாணித் தாமானில் ஒரு வீடு, லூனாசில் ஒன்று, பாடாங் செராயில் ஒன்று, கூலிமில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே படம்தான் வரும். அரண்மனைத் தூணில் சாய்ந்து நிற்கும் வடநாட்டுப் பெண், காற்றாடி முன்னால் பறக்கும் முந்தானை. சூரத்து ஆலைக்காரர் எடுத்த விளம்பரப் படம் அது. மொத்த வியாபாரி அதை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். குழுவில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துத் தங்கள் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். படம் ஒன்று, சேலை ஒன்று, வாங்கிய விலையும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் ஒருவருக்குச் சேலை தீர்ந்துபோகிறது, மற்றவர்கள் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது.

கணக்குத் தொடங்குவதையும் எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவையும் சென்ற வாரம் பார்த்தோம். விற்றுத் தீர்க்கிறவர் என்ன எழுதுகிறார், எப்படிக் காட்டுகிறார் என்பதுதான் இந்த வாரத்துப் பாடம்.

சைக்கிளில் வந்த கடை

பேசித் துணி விற்பது கெடாவுக்குப் புதிய கலை இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் சம்பள நாளையொட்டித் துணிமூட்டைக்காரர் சைக்கிளில் வருவார். லயத்து வாசலில் மூட்டையைப் பிரிப்பார். வாங்குகிறவர் இருட்டோடு எழுந்து பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, பால் வெட்டி இறக்கிவிட்டு வந்த பெண். வேலைக்கு அவர் உடுத்துவது பால்கறை ஏறிய நீளக்கைச் சட்டை, கைலி, தலைத்துண்டு. சேலை வேண்டியது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, திடலில் திரை கட்டிக் காட்டும் படத்துக்கு, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்கு. துணிக்காரருக்கு இதெல்லாம் தெரியும். எந்த வீட்டில் காதுகுத்து, எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதும் தெரியும். துணியின் பெருமையை அவர் அதிகம் பேசமாட்டார். யார், எங்கே, எத்தனை முறை கட்டலாம் என்பதைத்தான் பேசுவார்.

மீதி வேலையை வாங்குகிறவரின் கை பார்த்துக்கொள்ளும். முந்தானையைக் கசக்கி விடும்; மடிப்பு எப்படி விரிகிறது என்று பார்க்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும். ஊடாகத் தெரிகிறதா என்று பார்க்கும். கரையைத் திருப்பி உட்புறச் சரிகையை விரலால் தடவும். ஈர விரலால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கும்.

கைப்பேசியில் விற்கும்போது இந்தக் கைதான் காணாமல் போகிறது. ஆகவே உங்கள் எழுத்தும் படமும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: அந்தக் கை கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது. ‘கேப்ஷன்’ எழுதுவது எப்படி என்று கேட்டால் இதற்கு மேல் என்னிடம் இரகசியம் இல்லை.

இரண்டு பதிவுகள்

பலர் பக்கத்தில் இப்படி இருக்கும்:

“அழகான புதிய டிசைன்! சூப்பர் கலெக்‌ஷன்! ஸ்டாக் லிமிட்டெட்! விலைக்கு பி.எம். செய்யவும்!”

நான்கு ஆச்சரியக்குறி போட்டும் ஒரு செய்திகூட இல்லை. இதையே பாய்க்கும் எழுதலாம், பாத்திரத்துக்கும் எழுதலாம். இப்போது அதே சேலைக்கு வேறொன்று:

“காலையில் கட்டி, கோயில் அன்னதானம் முடிந்து வீடு திரும்பும்வரை மடிப்பு கலையாது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. கலப்புப் பட்டு; கனமில்லை. உட்புறச் சரிகை நூல் அறுத்துச் சீராக்கியது, கையில் கீறாது. சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் சேர்ந்தே வரும். முதல் சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். 89 வெள்ளி, தபால் 8 வெள்ளி.”

இதில் ‘அழகான’ என்ற சொல் எங்கும் வரவில்லை. அதைப் படிக்கிறவர் சொல்லிக்கொள்வார். முதல் வாக்கியம் சேலையைக் கட்டப்போகும் நாளைச் சொல்கிறது. அடுத்து நிறம், துணி, கரை, அளவு, சலவை, கடைசியில் விலை. திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும். மீதி, தொட்டால்தான் விரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்த இரண்டு வரியில் ஏழெட்டுச் சொல்தான் அடங்கும். எனவே ‘அனைவருக்கும் இனிய வணக்கம்’ என்று தொடங்கினால் இருக்கிற இடத்தை வணக்கமே தின்றுவிடும். கட்டப்போகும் நாளோ, துணியின் பெரிய குணமோ முன்னால் வரட்டும்.

குறையையும் எழுதுங்கள். கனமான சேலையென்றால் கனம் என்றே சொல்லுங்கள். மெல்லியதென்றால் உள்பாவாடை அதே நிறத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு குறையை நீங்களே சொன்னால் மற்ற வரிகளை வாங்குகிறவர் நம்புவார். திரும்பி வரும் பொட்டலமும் குறையும்.

விலையை மறைக்கலாமா?

‘பி.எம். தெப்பி’, அதாவது விலையைத் தனிச்செய்தியில் கேளுங்கள் என்பது, நம் நாட்டு இணைய வியாபாரத்தின் தேசிய வாசகம்போல ஆகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரியக்கூடாது, கேட்டு வருகிறவரைப் பேசிப் பிடிக்கலாம் என்பது கணக்கு. ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த இணைய வணிக விதிகள் முழு விலையையும் வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்கின்றன. போக்குவரத்துச் செலவு, விற்பவர் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. விலையைத் தனிச்செய்தியில் சொல்வது குற்றம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டாலும் இது நல்ல எழுத்து ஆகாது. விலை தெரியாத பொருளைப் பார்த்ததும், நமக்கு எட்டாது என்று ஒதுங்குகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. கேட்டுவிட்டு வாங்காமல் போனால் சங்கடம் என்ற கூச்சமும் உண்டு. துணிமூட்டைக்காரர் கடன்நோட்டு வைத்திருந்தார், ஆனால் விலையை வாசலிலேயே சொன்னார்.

நிறத்துக்குப் பேர்

இணையத்தில் சேலை திரும்பி வருவதற்கு ஒரு பெரிய காரணம் நிறம். ‘மெரூன்’ என்று எழுதினால் பத்து பேர் பத்து நிறத்தை நினைப்பார்கள். தமிழில் இதற்குப் பழைய ஏற்பாடு இருக்கிறது: அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல். காஞ்சிபுரத்து நெசவாளர் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய நீலம் இன்றும் ‘எம்.எஸ். புளூ’ என்ற பேரில் விற்கிறது. 1980களில் நடிகை நதியாவின் பேரில் நதியா கம்மல் கேட்டு வாங்கினார்கள், நதியா கொண்டை போட்டுக்கொண்டார்கள். ‘ஹேஷ்டேக்’ என்ற பேர் வருவதற்கு முன்பே நம் கடைவீதிக்கு அந்த வித்தை தெரியும்.

கெடாவில் எழுதுகிறவர் இன்னும் பக்கத்தில் தேடலாம். பண்டான் பச்சை, மங்குஸ்தீன் தோல், டுரியான் சுளை மஞ்சள், சிராப் பண்டோங் ரோஸ். சொன்னவுடன் நம் ஊர்க்காரர் கண்ணில் நிறம் வந்து நிற்கும், மலாய்க்காரத் தோழிக்கும் புரியும். சேலைத் துணியில் பாஜு கூரோங் தைத்துக்கொள்ளும் மலாய்ப் பெண்களும் இந்தச் சந்தையில் இருக்கிறார்கள்.

பேர் சரியாக இருந்து படம் பொய் சொன்னால் பயனில்லை. முகத்தை வெளுப்பாக்கும் ‘பியூட்டி ஃபில்டர்’ சேலையின் சாயத்தையும் சேர்த்தே மாற்றும். வீட்டு விளக்கொளியில் வெள்ளை மஞ்சளாகும், நீலம் கறுக்கும். உச்சிவெயிலில் சரிகை பளீரென்று வெடித்துக் கரை வேலைப்பாட்டை அழித்துவிடும். நல்ல இடம் எதுவென்றால் பழைய கடைவரிசையின் அஞ்சடி: தலைக்குமேல் நிழல், பக்கவாட்டில் திறந்த வெளிச்சம். காலை ஒன்பது மணியளவில் நின்றால் விளக்கே வேண்டாம். வீட்டில் எடுப்பதானால் ஜன்னலுக்குப் பக்கத்தில், விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள்.

சூரத்துப் படத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது கடைசியில் வரட்டும். முன்னால் உங்கள் நான்கு படங்கள்: கட்டிய முழு உருவம், கையில் பிடித்த கொசுவம், கரையின் நெருக்கம், சேலையின் பின்புறம். கட்டுகிறவர் உங்கள் அக்காவாகவோ அண்ணியாகவோ இருக்கலாம். அவர் உயரத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காணொளி எடுத்தால் முந்தானையைக் கசக்கி விடுங்கள், ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். லயத்து வாசலில் கை செய்த அதே சோதனைகள்தான்.

பின்னணிக்கு அரண்மனை எதற்கு?

கெடாவுக்கென்று பின்னணி இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். தோட்டம் முழுக்கச் செம்பழுப்பாகும். நீலமும் பச்சையும் அங்கே எடுத்துக்காட்டும், அரக்கு மறைந்துபோகும். அலோர் ஸ்டார் பக்கத்து வயல்கள் நாற்றுப் பருவத்தில் பச்சை, அறுவடையில் பொன். கிளிப்பச்சைச் சேலையை நாற்றுப் பருவத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் முகம் மட்டும் தனியாக நிற்கும். சுங்கை பட்டாணியில் 1936-இல் எழுந்த மணிக்கூண்டு ஒன்று போதும், வாங்குகிறவருக்கு ‘இது நம்ம ஊர்’ என்று தெரிய. தோட்டத்துக்குள் எடுப்பதானால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். பால் வெட்டும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள்.

எந்த மொழி, எந்த நேரம்?

தமிழ்ப்பள்ளியில் படித்த அம்மா தமிழெழுத்தில் படிப்பார். தேசியப் பள்ளியில் படித்த மகள் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுவாள். பணம் கட்டுவது பெரும்பாலும் மகளின் கைப்பேசியில். இருவருக்கும் சேர்த்து எழுதுங்கள்: முதல் வரி தமிழில், அளவும் விலையும் எண்ணில், மலாயில் ஒரு வரிச் சுருக்கம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து சுகு பவித்ரா தம்பதியர் சாதாரண அடுப்படியில் சரளமான மலாயில் சமைத்துக் காட்டியபோது நாடே பார்த்தது. மேடைப் பேச்சாக இல்லாமல் வீட்டுப் பேச்சாகவே அது இருந்தது. உங்கள் எழுத்தும் அப்படி இருக்கட்டும்.

நேரம் என்றால், கெடாவின் கடிகாரம் தொழிற்சாலை ஷிஃப்ட். தோட்டங்கள் சுருங்கியபோது நம் பெண்கள் சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டைகளுக்கும், 1996-இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் போனார்கள். பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும், வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும்தான் கைப்பேசி கையில் வரும். பதிவும் ‘லைவ்’வும் அப்போது இருக்கட்டும். லைவில் ஆட்கள் நடுவில்தான் நுழைவார்கள், ஆகவே நிறத்தையும் விலையையும் அடிக்கடி திருப்பிச் சொல்லுங்கள். நாட்காட்டியைப் பாருங்கள்: பொங்கல், தைப்பூசத்துக்கு மஞ்சள், ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தம், பிறகு தீபாவளி. ரவிக்கை தைக்கத் தையல்காரருக்கு நாள் வேண்டும். அதையும் கணக்கிட்டு முன்கூட்டியே போடுங்கள்.

மரியாதை

‘சிவப்பாகத் தெரிவீர்கள்’, ‘குண்டு தெரியாது’, ‘தோட்டத்துக்காரி மாதிரி இருக்காதீர்கள்’ போன்ற வரிகளை எழுதவே கூடாது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய காலம் இந்தத் தோட்டங்களில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் தொடங்கிய தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகச் சீருடை அணிந்து அணிவகுத்தபோது, அந்த உடுப்பே ஒரு பேச்சாக இருந்தது. உடுத்துவது இங்கே மானத்தோடு சேர்ந்தது. கறுத்த நிறத்துக்கு எந்தக் கரை எடுப்பு என்று சொல்லுங்கள், அது உதவி. நிறத்தைக் குறையென்று சொல்லி விற்பது வேறு.

சில்லறை விஷயங்கள்

வியாபாரக் கணக்கில் சினிமாப் பாட்டை விருப்பம்போல் சேர்க்க முடியாது. வணிகத்துக்கென்று அனுமதித்த இசைத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். அதைவிட உங்கள் குரலே மேல். இலவசமாகக் கற்க, முன்பு ‘பெடி’ என்றும் இப்போது ‘நாடி’ என்றும் அழைக்கப்படும் மையங்கள் சிற்றூர்களில் இருக்கின்றன. இணைய வியாபாரப் பயிற்சி நடத்துகிறார்கள். முதலுக்கு, அமானா இக்தியார் மலேசியா வழியாக இந்தியப் பெண்களுக்கென்று 2024-இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கிய ‘பெண்’ கடன் திட்டத்தை விசாரியுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: அலமாரியிலிருந்து ஒரு சேலையை எடுங்கள். வெளியூரிலிருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழையுங்கள். படம் அனுப்பாமல், பேச்சிலேயே சேலையை அவருக்குக் காட்டுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கேள்விகளின் வரிசையிலேயே பதிலை எழுதி, ‘அழகான’, ‘சூப்பர்’ இரண்டையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதை அப்படியே பதிவிடலாம்.

அடுத்த வாரம்: பொட்டலம் கட்டுவது, தபால், திரும்பி வந்த சேலை. ‘நிறம் வேறாக இருக்கு’ என்று கோபமாக எழுதும் அக்காவுக்கு எப்படிப் பதில் எழுதுவது?