பாட்டன், தந்தை, மகன்: வீட்டுக் கணினியில் தலைமுறைப் பிரதிகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல ஒரு கல்வெட்டையோ பழைய ஏட்டையோ பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இம்முறை கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். "அரிசி மண்டிக்காரருக்கு இது எதற்கு?" என்று அன்பர்கள் கேட்கலாம். பட்டவன் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படும் என்பதுதான் காரணம்.

என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் தடாவுக்கு வந்தவர். ஜி.என்.டி. ரோட்டில் கடை. வெளியே தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். கடைசிக் காலத்தில் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். நம் நயினார் குடும்பங்களில் யார் எந்த ஊர், எங்கே பெண் கொடுத்தது, எங்கே எடுத்தது என்ற விவரம் அது. பிறகு வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு, துண்டுச் சீட்டில் குறித்து, கணினியில் ஏற்றினேன். ஏற்றிய பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். 2009 வாக்கில் 600 பெயருக்கு மேல் சேர்ந்துவிட்டது. தினமும் கடை அடைத்து வந்ததும் அந்த ஃபைலை ஒரு பென் டிரைவில் ஏற்றுவேன். பழையதன் மேலேயே புதியது. நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு!

ஒரு நாள் பெயர்களை அகர வரிசையில் வைக்கப் பார்த்தேன். பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன். திரையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்தது, படிக்காமல் அழுத்தினேன். பெயரெல்லாம் இடம் மாறியது. பக்கத்துப் பத்தியிலிருந்த ஊரும் உறவும் அப்படியே நின்றன. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் ஊர்! பார்வைக்குப் பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது. சேமித்தேன். அன்று இரவு அதையே பென் டிரைவிலும் ஏற்றினேன். நல்ல பிரதி அழிந்து கெட்ட பிரதி உட்கார்ந்தது.

நாற்பது நாள் கழித்து, ஒரு சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு உறவுமுறை பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தகப்பனார் நோட்டைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கைச் சரி செய்தேன். மீதிக்கு மறுபடி போன் போட்டால், சொன்ன பெரியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பட்டியலில் பல பெயர்களுக்கு நேரே கேள்விக்குறிதான் இருக்கிறது.

ஒரு பிரதி ஏன் போதாது?

பேக்கப் என்றால் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் உதவுவது என்று மட்டும் நினைக்கிறோம். டிஸ்க் கெட்டால் உடனே தெரியும். தெரியாமல் கெடுவதுதான் ஆபத்து. தவறாக அழித்த பக்கம், தப்பாக மாற்றிய எண், பாதியில் மின்சாரம் போய்ச் சிதைந்த ஃபைல், வைரஸ் என்று இவையெல்லாம் நாள் கழித்தே கண்ணில் படும். அதற்குள் ஒரே பிரதியின் மேல் திரும்பத் திரும்ப எழுதினால், பிழையையும் பத்திரமாகப் பிரதி எடுத்தவர்களாகிறோம். ஆகவே வேண்டியது வெவ்வேறு நாளின் பல பிரதிகள்.

இதற்குக் கணினி உலகம் வைத்த பெயர் நமக்கு நெருக்கமானது: பாட்டன், தந்தை, மகன். காந்த நாடாவில் கணக்கு வைத்திருந்த காலத்து ஏற்பாடு அது. நேற்றைய கணக்கு நாடாவோடு இன்றைய வரவு செலவைச் சேர்த்தால் புதிய நாடா பிறக்கும். புதியது மகன், நேற்றையது தந்தை, அதற்கு முந்தையது பாட்டன். மகன் கெட்டால் தந்தை நாடாவையும் அன்றைய வரவு செலவையும் வைத்து மறுபடி உண்டாக்கலாம். நம் கடைகளில் பேரேடு நனைந்துபோனால், போன வருஷ முடிவு இருப்பையும் நாள்வழிக் குறிப்பையும் வைத்துப் புதுப் பேரேடு எழுதுவோமே, அதே கணக்குத்தான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று என்பார்கள். முன்னோர் பெயரைப் பேரனிடம் ஒப்படைக்கும் நமக்கு இந்த முறை புதிதல்ல.

முன்னோர் செய்தது

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்ற சைன அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஓலையில் 1000 பிரதிகள் எழுதுவித்து வழங்கினார். சாஸ்திர தானம் என்பது புண்ணியத்துக்காக மட்டுமல்ல. நூல் அழியாமல் இருக்கும் வழியும் அதுவே. நம் தமிழில் வளையாபதி முழுதாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே மிச்சம். சீவக சிந்தாமணிக்கு அந்த விதி நேராமல் போனதற்கு, பல ஊர்களில் பல ஏடுகள் இருந்ததுதான் காரணம். உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கி, சைன மரபை அறிந்தவர்களிடம் ஐயம் கேட்டு, 1887-இல் அதைப் பதிப்பித்தார். ஓர் ஏட்டில் நேர்ந்த பிழையை இன்னோர் ஏடு திருத்தியது. பல பிரதிகள் இருந்தால் எது எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான்.

எப்படிச் செய்வது?

நான் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலில், முக்கியமானவற்றை ஒரே ஃபோல்டருக்குள் கொண்டு வாருங்கள்: கடிதம், கணக்கு, உறவுப் பட்டியல், எழுதிய கட்டுரை. பத்து இடத்தில் சிதறிக் கிடந்தால் பத்தாவது மறந்துபோகும்.

பிறகு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு பிரதி. இவை ஆறும் மகன்கள். அடுத்த திங்கள் வந்தால் போன திங்கள் பிரதியை எடுத்துவிடலாம். ஞாயிறுதோறும் ஒரு பிரதி. இவை தந்தைகள், நான்கு வைத்துக்கொண்டால் போதும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுப் பிரதி பாட்டன்; அதைப் பன்னிரண்டு மாதம் தொடக்கூடாது. ஆக 6, 4, 12 என்று மொத்தம் 22 பிரதிகள். ஃபோல்டர் 300 எம்.பி. என்றால் எல்லாம் சேர்ந்து 6.6 ஜி.பி.தான், இன்றைய டிஸ்கில் அது ஒரு மூலைக்குக் காணாது. பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் 2022-03-27 என்பதுபோல் வையுங்கள். தானாகவே கால வரிசையில் நிற்கும். "புதுசு", "ரொம்பப் புதுசு" என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் நமக்கே புரியாது.

கல்யாணப் போட்டோ, வீடியோவுக்கு இத்தனை தலைமுறை வேண்டாம். அவை மாறாதவை, இடமும் அதிகம் பிடிக்கும். தனித்தனி இடத்தில் இரண்டு மூன்று பிரதி இருந்தால் போதும். வியாபாரிகளுக்கு ஒன்று: ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே மார்ச் மாதப் பாட்டனை மட்டும் ஆண்டுதோறும் எடுத்து நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அவர் கொள்ளுப்பாட்டன்!

கையால் செய்யச் சலிப்பாக இருந்தால் கணினியிலேயே வசதி உண்டு. ஆப்பிள் கணினியில் 2007 முதல் டைம் மெஷின் என்பது வருகிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தியதற்கு வாரத்துக்கொன்று என்று அதுவே பிரதி வைக்கும். விண்டோஸில் 2012-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து ஃபைல் ஹிஸ்டரி உண்டு. பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் இயக்கிக் கொடுப்பார்கள்.

கண்ணாடி வேறு, பிரதி வேறு

"எல்லாம் கூகுளில் ஏறிவிடுகிறதே, மாமா!" என்பார்கள் பிள்ளைகள். ஏறுகிறது, உண்மைதான். ஆனால் அது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். கூகுள் டிரைவில் அழித்த ஃபைல் 30 நாள் குப்பைக் கூடையில் இருக்கும். நாம் ஏற்றி வைத்த ஃபைலின் பழைய வடிவமும் பொதுவாக 30 நாள் வரைதான். என் பிழை வெளிப்பட்டது நாற்பதாம் நாள் என்பதை மறவாதீர்கள். மேகத்தில் வைப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது.

பிரதி எடுத்ததும் வெளி டிஸ்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, கணினியிலுள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நம் சித்தூர் மாவட்டம் உட்பட ஆந்திராவின் சில மாவட்டங்களில் போலீஸ் கணினிகளும் அதில் மாட்டின. செருகியே இருக்கும் டிஸ்கையும் இப்படிப்பட்ட வைரஸ் பூட்டிவிடும். பெட்டிக்குள் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவச் செய்தார். நான் சென்னையிலுள்ள மகள் வீட்டில் ஒரு டிஸ்க் வைத்திருந்தேன். 2015 மழையில் நவம்பரில் எங்கள் சூலூர்ப்பேட்டைப் பக்கமும் வெள்ளம், அடுத்த மாதம் சென்னையும் வெள்ளம். அதற்குப் பிறகு இன்னொன்றைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன். ஒரே மழை நனைக்கிற தூரத்தில் இரண்டும் இருக்கலாமா?

எடுத்த பிரதி திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 1998-இல் டாய் ஸ்டோரி 2 என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்த பிக்சார் நிறுவனத்தில் யாரோ ஒரு தவறான கட்டளை கொடுக்க, படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

சாதனமும் எழுத்தும்கூட மூப்படையும். 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் வைத்தவர்கள் இன்று அதைப் படிக்கப் பெட்டி தேடி அலைய வேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றுங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வையுங்கள். இல்லாவிட்டால் ஃபைல் இருக்கும், தமிழ் இருக்காது.

பாட்டன் கைகொடுத்த கதை

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உதயமாயிற்று. அதுவரை நெல்லூர் மாவட்டத்திலிருந்த எங்கள் தடா அதில் சேர்ந்தது. வீடு அதே இடம், முகவரி மட்டும் புதிது. சங்கத்து முகவரிப் பட்டியலில் "நெல்லூர்" என்று வரும் இடத்தையெல்லாம் ஒரே தட்டில் "திருப்பதி" என்று மாற்றினேன். நெல்லூர் டவுனிலேயே குடியிருக்கிற குடும்பங்களும் திருப்பதிக்குக் குடிபோய்விட்டன! ஆறு வாரம் கழித்துத் தபால் திரும்பி வந்தபோதுதான் விழித்தேன். மகன்கள் ஆறும் பிழை, தந்தைகள் நாலும் பிழை, ஏப்ரல் பாட்டனும் பிழை. மார்ச் 27 பாட்டனைத் திறந்தேன். முத்து மாதிரி இருந்தார்! ஒப்பிட்டு அரை மணியில் திருத்திவிட்டேன். 2009-இல் இப்படி ஒரு பாட்டன் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குறிகள் இருந்திருக்காது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பூர்வீக ஊரின் பெயர் சொல்ல வீட்டுப் பெரியவர்தான் இருக்கிறார். அவர் சொல்வதை இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதி வாங்குங்கள். எழுதியதைக் கணினியில் ஏற்றுங்கள், துண்டுச் சீட்டையும் கிழிக்காதீர்கள். காகிதத்தில் ஒரு நகல் அச்செடுத்து அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று கொடுங்கள். என் பட்டியலில் கேள்விக்குறி உள்ள பெயர்களில் தங்கள் குடும்பத்தார் யாரேனும் இருந்தால், கூட்டத்துக்கு வரும்போது ஒரு வார்த்தை சொல்லி உதவுங்கள். குறித்துக்கொள்ளும் அன்றைக்கே பிரதியும் எடுத்துவிடுகிறேன்.