பைக், ஒயின், ரெண்டு பேர்: மோசல் நதியோரம் ஐந்து நாள்

ஐரோப்பா பைக் ட்ரிப் பத்தி ஒரு எபிசோடு பேசினதுல இருந்து ஒரே மாதிரி மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. "நாங்க ரெண்டு பேர், ஒரு பைக், ஒரு வாரம் லீவு. ஒயின் தயாரிக்கிற ஊர் பக்கம் போகணும். எங்க போகலாம்?"

எல்லாரும் இடம்தான் கேக்கிறீங்க. யார் குடிக்கப் போறீங்க, எத்தனை மணிக்குக் குடிக்கப் போறீங்கன்னு ஒருத்தர்கூட யோசிச்ச மாதிரி தெரியல. ஒயின் ஊருக்கு பைக்ல போறதுல உண்மையான சிக்கலே அதுதான். இன்னைக்கு ரெண்டையும் சேர்த்தே பேசிடலாம்.

நானும் என் கணவரும் போன செப்டம்பர்ல போனது ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு. நான் ஓட்டினேன், அவர் பின்னாடி. அவருக்குக் கியர் பைக் லைசென்ஸே கிடையாது, அதனால மாத்தி மாத்தி ஓட்டுற பேச்சுக்கே இடமில்ல. கோப்ளென்ஸ்ல பைக் வாடகைக்கு எடுத்து, முதல் நாளே ஹைவேயில ட்ரியர் வரைக்கும் போயிட்டோம். அங்கிருந்து நதி போற திசையிலேயே மெதுவா கோப்ளென்ஸுக்குத் திரும்பினோம்.

இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நேர்கோடு போட்டா சுமார் 100 கிலோமீட்டர். நதி வழியா போனா 190. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெர்ன்காஸ்டல்-கூஸ்ல இருந்து ட்ராபன்-ட்ரார்பாக் போகணும்னா ரோடு நதியோட சேர்ந்து இருபது கிலோமீட்டருக்கு மேல சுத்தும். நடுவுல இருக்கிற மலையை ஏறி இறங்கி நடந்தீங்கன்னா அதுல மூணுல ஒரு பங்கு தூரம்தான்.

ஏன் இப்படி வளையுது? பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மோசல் ஒரு தட்டையான நிலத்துல சாவகாசமா வளைஞ்சு வளைஞ்சு ஓடிக்கிட்டு இருந்தது. அப்புறம் அந்த நிலம் மெல்ல மேல எழும்ப ஆரம்பிச்சது. நதி பாதையை மாத்தல, அதே வளைவுகளோட கீழே அறுத்துக்கிட்டே போச்சு. அதனாலதான் சமவெளி நதியோட வளைவும் மலைப் பள்ளத்தாக்கோட ஆழமும் ஒரே இடத்துல கிடைக்குது. பைக் ஓட்டுறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்? ஏற்ற இறக்கம் அதிகமில்லாத, நீளமான, சீரான வளைவுகள், ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் சுவர் மாதிரி திராட்சைத் தோட்டம்.

அதே வளைவுதான் ஒயினையும் உண்டாக்குது. மோசல் இருக்கிறது 50 டிகிரி வடக்கு அட்சரேகைக்குப் பக்கத்துல. திராட்சை பழுக்கவே கஷ்டப்படுற குளிர். அதுவும் ரீஸ்லிங் தாமதமா பழுக்கிற ரகம். நதி வளையுற இடத்துல எல்லாம் ஏதாவது ஒரு கரை தெற்கைப் பார்த்து நிக்கும். அந்தச் சரிவுல வெயில் நேரா விழும். மண் பெரும்பாலும் சிலேட்டுக் கல், நம்ம தாத்தா பாட்டி எழுதிப் படிச்ச சிலேட்டுப் பலகை இருக்கே, அதே வகைக் கல்தான். பகல் பூரா சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி விடும். சூரியனுக்கு முதுகைக் காட்டுற எதிர்க்கரையில பெரும்பாலும் காடுதான். வண்டியில போகும்போதே இது தெரியும். ஒரு வளைவு முடிஞ்சதும் திராட்சை இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கத்துக்குத் தாவிடும். மூணாவது வளைவுக்கு அப்புறம் மேப் பார்க்காமலே தெற்கு எதுன்னு சொல்லிடலாம்.

சரிவுன்னா எவ்வளவு சரிவு? ப்ரெம் ஊருக்கு மேல இருக்கிற கால்மோன்ட் தோட்டம் சில இடத்துல 65 டிகிரி வரைக்கும் நிக்குது. ஐரோப்பாவிலேயே ரொம்பச் செங்குத்தான திராட்சைத் தோட்டம்னு அதைத்தான் சொல்றாங்க. டிராக்டர் ஏறாது. ஒத்தைத் தண்டவாளத்துல பல்சக்கரம் வச்ச ஒரு குட்டி வண்டி ஆளையும் கூடையையும் மேல இழுத்துக்கிட்டுப் போகும், மத்த வேலை எல்லாம் கை வேலை. கம்பம் பக்கம் திராட்சையைப் பந்தல்ல படர விட்டுப் பார்த்திருப்பீங்க. இங்கே பழைய தோட்டங்கள்ல ஒவ்வொரு கொடிக்கும் தனியா ஒரு கம்பு நட்டு, கொடியை இதய வடிவத்துல வளைச்சுக் கட்டியிருக்காங்க. இந்த உழைப்பு கட்டுப்படியாகாம செங்குத்தான தோட்டங்களைக் கைவிட்டவங்களும் உண்டு. பச்சைச் சுவருக்கு நடுவுல புதர் மண்டிக் கிடக்கிற கட்டங்கள் அங்கங்க கண்ணுல படும்.

ரூட் பெருசா யோசிக்க வேண்டியதில்ல. ட்ரியரைத் தாண்டினதும் பி 53, ஆல்ஃப் ஊருல இருந்து பி 49. ஒரே ஒரு டிப்ஸ்: ஜெர்மனியில வலப்பக்கம் ஓட்டணும். நதி போற திசையில போகும்போது இடது கரையைப் பிடிச்சீங்கன்னா தண்ணி உங்க வலப்பக்கம், உங்க லேனுக்குப் பக்கத்துலயே வரும். மெயின் ரோடு அடிக்கடி கரை மாறும், பாலங்கள் நிறைய இருக்கு, பைல்ஷ்டைன் மாதிரி சில ஊர்ல படகுல வண்டியை ஏத்திக்கிட்டு அக்கரை போயிடலாம். நமக்குப் பழக்கமில்லாத இடம் லெஃப்ட் டர்ன்தான். நம்மூர்ல அது சின்னத் திருப்பம், அங்கே எதிர்ல வர்ற வண்டியைக் குறுக்கே வெட்டிப் போகணும். முதல் ரெண்டு நாள் ஒவ்வொரு ஜங்ஷன்லயும் ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு நானே "வலது, வலது"ன்னு சொல்லிக்கிட்டேன்.

இப்போ மெயின் மேட்டர்.

வழியெல்லாம் ஒயின் பண்ணைகள். "உள்ளே வாங்க, ருசி பாருங்க"ன்னு போர்டு. கார்ல போனா கணக்கு ஈஸி: ஒருத்தர் ஓட்டலாம், ஒருத்தர் குடிக்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடி என் கணவரும் இதையேதான் சொன்னார். "நீ ஓட்டு, நான் குடிக்கிறேன், என்ன பிரச்சனை?" பிரச்சனை இருக்கு. கார்ல பக்கத்து சீட்டுல இருக்கிறவர் வெறும் பயணி. பைக்ல பின்னாடி இருக்கிறவர் வண்டியோட ஒரு பாகம். 75 கிலோ எடை, அதுவும் உயரமா, பின் சக்கரத்துக்கு மேல. வளைவுல நான் சாயும்போது அவரும் சாயணும். அவர் அரை செகண்ட் லேட்டானாலோ, பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தாலோ, நான் நினைச்ச கோட்டுல வண்டி போகாது. பிரேக் பிடிக்கும்போது தன் எடையைத் தானே தாங்கணும். ரெண்டு கிளாஸ் உள்ளே போனவருக்கு மதிய வெயில்ல தூக்கமும் வரும்.

அதனால பைக்ல யார் குடிக்கிறதுங்கிற கேள்விக்குப் பகல்ல ஒரே பதில்தான்: ரெண்டு பேரும் இல்ல. இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க. அங்கே போய்ப் பேசினா, ஒருத்தர் தியாகி, இன்னொருத்தர் குற்றவாளின்னு ட்ரிப் ரெண்டாகிடும். ரெண்டு பேருக்கும் ஒரே விதின்னு ஆனதும் எங்களுக்குள்ள இருந்த உரசல் பாதி காணாமப் போச்சு.

மீதிப் பாதி? ராத்திரி. ராத்திரி குடிக்கலாம், ஆனா அது காலையில என்ன ஆகும்? இதை நிறைய பேர் கணக்குல எடுக்கிறதில்ல. எரிக் விட்மார்க்குன்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி கொடுத்த சூத்திரம் இருக்கு, இஞ்சினியர் மூளைக்கு ரொம்பப் பிடிக்கும். குடிச்ச மில்லியை ஆல்கஹால் சதவீதத்தாலயும் 0.8-ஆலயும் பெருக்கினா ஆல்கஹால் எத்தனை கிராம்னு வரும். அதை உடல் எடையால வகுக்கணும், ஆனா முழு எடையால இல்ல, பெண்களுக்கு எடையில 0.6 பங்கு, ஆண்களுக்கு 0.7. வர்ற நம்பர் ப்ரோமில். உடம்பு மணிக்கு 0.1-லிருந்து 0.2 வரைக்கும் கரைக்கும். பிளான் போடும்போது 0.1-ன்னே வச்சுக்கோங்க.

நான் 60 கிலோ. மோசல்ல ஒரு கிளாஸ்னா பெரும்பாலும் 200 மில்லி. 12 சதவீத ஒயின் ஒரு கிளாஸ்ல சுமார் 19 கிராம் ஆல்கஹால். மூணு கிளாஸ் 57 கிராம், வகுத்தல் 36, கிட்டத்தட்ட 1.6. ராத்திரி 9 மணிக்கு ஆரம்பிச்சா எல்லாம் கரைய மறுநாள் மதியம் 1 மணி! நல்லாத் தூங்கி, குளிச்சு, காபி குடிச்சாலும் இந்த நம்பர் நகராது. ரெண்டு கிளாஸ்னா காலை ஏழரை. 75 கிலோ இருக்கிற என் கணவருக்கு அதே மூணு கிளாஸ் காலை 8 மணிக்கெல்லாம் கரைஞ்சிடும். நியாயமே இல்ல, ஆனா உயிரியல் அப்படித்தான். இது தோராயம்தான், சாப்பாடு, உடல்வாகு எல்லாம் மாத்தும். ஓட்டலாம்னு அனுமதி கொடுக்கிற கணக்கா இதை எடுத்துக்காதீங்க, ஓட்டக் கூடாத நேரத்தைக் கண்டுபிடிக்க வச்சுக்கோங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஜெர்மனியில எல்லை 0.5 ப்ரோமில். முதல் தடவை மாட்டினாலே 500 யூரோ அபராதமும் ஒரு மாசம் ஓட்டத் தடையும். 0.3-ல இருந்தே, வண்டி தடுமாறினாலோ விபத்தானாலோ கிரிமினல் வழக்கு வரலாம். நம்மூர் எல்லை 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், ஏறக்குறைய அந்த 0.3-தான். என் எல்லை பூஜ்யம். பின்னாடி என் புருஷன் உக்காந்திருக்கார்.

இங்கேதான் மோசல் நமக்கு ஒரு உதவி பண்ணுது. பாட்டில்ல ட்ரோக்கன்னு போட்டிருந்தா இனிப்பில்லாதது, பெரும்பாலும் 11, 12 சதவீதம் ஆல்கஹால். பழைய பாணி கபினெட் ஒயின் கொஞ்சம் இனிப்பா, 8 அல்லது 9 சதவீதத்துலயே நிக்கும். திராட்சையில இருக்கிற சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலா மாத்துது. அந்த வேலையைப் பாதியில நிறுத்தினா மிச்சச் சர்க்கரை ஒயின்லயே தங்கிடும், ஆல்கஹால் குறையும். குளிர்ப் பிரதேசத் திராட்சையில புளிப்பு தூக்கலா இருக்கிறதால அந்த இனிப்பு திகட்டாது. கபினெட்னாலே இனிப்புன்னு நினைச்சுடாதீங்க, அந்தப் பேர் சொல்றது பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்ததுங்கிறதைத்தான். கபினெட் ட்ரோக்கனும் உண்டு. பாட்டில்ல சதவீதத்தைப் பார்த்து வாங்குங்க. 8.5 சதவீதத்துல ரெண்டு கிளாஸ் குடிச்சா என் கணக்கு அதிகாலை நாலரைக்கு முடிஞ்சிடும். காலை 10 மணிக்குக் கிளம்ப தாராளமா நேரம் இருக்கு.

எங்க திட்டமும் இதை வச்சுத்தான் போட்டது. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறதில்ல. ரைடிங் வெறியர்கள் சிரிப்பீங்க, சிரிங்க. ட்ராபன்-ட்ரார்பாக்ல ரெண்டு ராத்திரி, நடுவுல ஒரு நாள் முழுக்க பைக்குக்கு லீவு. அங்கிருந்து புல்லாய் வரைக்கும் ஒரு குட்டி ரயில் ஓடுது, புல்லாய்ல இருந்து மெயின் லைன்ல கோகெம் போகலாம். அன்னைக்குப் பகல்லயே, நிம்மதியா, ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சோம். விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்துலயே நடத்துற ஒயின் கடைகள் உண்டு, ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்னு பேர். வருஷத்துல நாலு மாசம்தான் திறக்கலாம், 40 பேருக்கு மேல உக்கார இடம் போடக் கூடாது, சொந்த ஒயினைத்தான் ஊத்தணும். நீங்க வாசல்ல பார்த்த சரிவுல விளைஞ்சதுதான் கிளாஸ்ல இருக்கும்.

ஓட்டுற நாள்லயும் பண்ணையில நிறுத்தலாம், ஒண்ணும் தப்பில்ல. ருசி பார்த்துத் துப்புறதுக்குன்னே பாத்திரம் வச்சிருப்பாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா துப்பாம ஆறு வகை பார்த்தா, 50 மில்லி வீதம் 300 மில்லி, அதாவது ஒன்றரை கிளாஸ். "சும்மா டேஸ்ட்தான்"ங்கிறது இவ்வளவு தூரம் போகும். நாங்க வாசனை மட்டும் பார்த்துட்டுப் பிடிச்சதை வாங்கி, ராத்திரி ரூம்ல திறந்தோம்.

வாங்குறதுலயும் அளவு வேணும். ஒரு பாட்டில் ஒண்ணேகால் கிலோ. பக்கவாட்டுப் பெட்டி ஒண்ணு பெரும்பாலும் 10 கிலோதான் தாங்கும், அதுல உங்க துணி, மழை கோட்டு வேற. வெயில்ல கறுப்புப் பெட்டி அடுப்பு மாதிரி ஆயிடும், ஒயின் கெட்டுப் போகும். ரெண்டு பாட்டிலோட நிறுத்திக்கோங்க. ஜெர்மனிக்குள்ள யாராவது தெரிஞ்சவங்க இருந்தா, பண்ணைக்காரங்களே அவங்க வீட்டுக்குப் பார்சல் அனுப்புவாங்களான்னு கேளுங்க.

பேப்பர் வேலை: உங்க லைசென்ஸ்ல கியர் பைக் வகுப்பு இருக்கணும், ஆர்.டி.ஓ.வுல சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கணும், பெரிய சிசி வண்டிக்கு வயசு, அனுபவம், டெபாசிட்னு வாடகைக் கடைக்குக் கடை விதி மாறும், புக் பண்றதுக்கு முன்னாடியே ஈமெயில்ல எழுதி வாங்கிடுங்க. மாசம்னா செப்டம்பர், அக்டோபர்தான் அறுவடை, ஊரே கலகலன்னு இருக்கும். ஆனா காலையில நதி மேல பனிமூட்டம், தோட்டத்துல இருந்து வர்ற டிராக்டர் சக்கரத்துல ஒட்டின மண்ணு ரோடு பூரா, வளைவுல நசுங்கின திராட்சை. பத்து மணிக்கு முன்னாடி கிளம்பாதீங்க. அதுக்குள்ள பனியும் விலகிடும், ராத்திரி கபினெட்டும் கரைஞ்சிருக்கும்.