கொள்ளிவாய்ப் பிசாசுக்குத் தீ வைத்தது யார்?

சதுப்பில் இரவில் தோன்றி மறையும் வெளிச்சத்தின் மர்மம் விலகிவிட்டது என்று 2025 செப்டம்பரில் செய்திகள் வந்தன. அதாவது, நம் கொள்ளிவாய்ப் பிசாசு பிடிபட்டுவிட்டதாம். மலேசியாவின் வட சிலாங்கூரில் ராஜா மூசா, சுங்கை காராங் காடுகளின் பீட் (பாதி மட்கிய தாவர மண்) சதுப்புக்கு அருகிலேயே தோட்டங்கள் இருப்பதால், இந்தச் செய்தியை நாம் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். சேற்றிலிருந்து மீத்தேன் எரிவாயு கிளம்பும் என்பது பழைய சங்கதி. 1776இல் இயற்பியலாளர் வோல்டா இத்தாலிய ஏரிச் சேற்றில் அதைப் பிடித்துக் காட்டினார். வரலாறு இவ்வளவு போதும். பற்றவைத்தது எது என்பதுதான் கேள்வி. மீத்தேன் தானாகப் பற்ற 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸேர் குழு சொல்லும் விடை அழகானது. தண்ணீரில் எழும் நுண்குமிழிகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் சேர்கிறது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு குமிழிகள் நெருங்கினால், இடைவெளியில் பொறி பாய்கிறது. கண்ணிமைப்பதற்குள் முடியும் குட்டி மின்னல். அந்தப் பொறி மீத்தேனை அதிகச் சூடில்லாமலே ஆக்சிஜனோடு சேர வைக்கிறது. கேஸ் அடுப்பு மாதிரிதான்: சிலிண்டர் சேற்றுக்கடியில், ரெகுலேட்டர் கிடையாது, பர்னர் காற்றுவெளி, லைட்டரைத் தட்டுவது தண்ணீரே. சமையல்காரர் மட்டும் இல்லை, பில்லும் வராது.

ஆனால், இது நடந்தது ஆய்வகத் தண்ணீரில். அதிவேகக் கேமராவுக்குச் சிக்கிய பொறி வேறு, காட்டோரம் அலையும் வெளிச்சம் வேறு. அப்படியானால் மக்கள் கண்டது மின்மினிதான் என்பீர்களா? சிலாங்கூரின் கம்போங் குவாந்தான் கிராமத்து மின்மினிகள் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக, ஒரே தாளத்தில் மின்னுபவை. உள்நிலப் பீட் காட்டுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. தவிர, வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பீட் மண்ணில் மீத்தேன் குறைகிறது. அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் காற்றைத் தாங்கா. அங்கே பிசாசின் சிலிண்டரே காலி. பதிலுக்கு, காய்ந்த மண்ணே எரிபொருளாகிறது. அதில் பிடித்த தீ சுவாலையின்றி நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்று, எட்டத்தில் தலைகாட்டும். ராஜா மூசாவில் 2008 முதல் வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, மரம் நடுவது இதைத் தடுக்கத்தான்.

குட்டி மின்னல் நல்ல அறிவியல். பிசாசு வழக்கில் அது இன்னும் சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல. வறட்சிக் காலத்தில் பீட் காட்டோரம் வெளிச்சமோ புகையோ கண்டால் பூசாரியைத் தேடாமல் 999ஐ அழையுங்கள்.